பயம் அடங்கட்டும் என்று காத்திருக்கலாமா?

உங்கள் கேள்வியை நான் எப்படிப் புரிந்துகொண்டேன் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். சின்ன வயதிலிருந்தே பயந்த சுபாவம் என்கிறீர்கள். லிஃப்டில் ஏறுவதில்லை. நாலு பேர் முன்னால் பேச வேண்டுமென்றால் முந்தின இரவே தூக்கம் போய்விடுகிறது. ரத்தப் பரிசோதனைக்குப் போன இடத்தில் ஊசியைப் பார்த்ததும் மயங்கி விழுந்திருக்கிறீர்கள். "தைரியசாலிகளுக்குப் பயமே வராதா? அந்த நிலைக்கு நானும் வர என்ன செய்ய வேண்டும்?" என்று கேட்டு முடித்திருக்கிறீர்கள். இதில் இரண்டு கேள்விகள் பின்னிக் கிடக்கின்றன. பயமே வராமல் செய்வது எப்படி என்பது ஒன்று. பயம் வரும்போதும் செய்ய வேண்டியதைச் செய்து முடிப்பது எப்படி என்பது மற்றொன்று. முதல் கேள்விக்கு நேர்வழி கிடையாது. இரண்டாவதற்கு நன்றாகச் சோதித்துப் பார்த்த வழி இருக்கிறது. அதில் ஒழுங்காக நடந்தால் முதலாவதும் பெரும்பாலும் தானாகவே கைகூடும். வரிசையை மாற்றினால்தான் சிக்கல். பயம் அடங்கட்டும், பிறகு ஏறிக்கொள்ளலாம் என்று காத்திருப்பவருக்குப் பயம் அடங்குவதே இல்லை.

தைரியசாலிகளைப் பற்றி முதலில். ஸ்டான்லி ரக்மன் என்ற உளவியலாளர் பயத்தை மூன்று இழைகளாகப் பிரித்துப் பார்த்தார்: மனதுக்குள் உணர்வது, உடம்பில் நடப்பது, நாம் செய்வது. இந்த மூன்றும் சேர்ந்தே ஏறி இறங்க வேண்டும் என்பதில்லை. நெஞ்சு அடித்துக்கொள்ளும், கை உதறும், ஆனாலும் கால் முன்னே நடக்கும். அதைத்தான் அவர் தைரியம் என்றார். வட அயர்லாந்தில் வெடிகுண்டுகளைச் செயலிழக்கச் செய்த ராணுவத்தினரை அவரும் அவருடைய குழுவினரும் ஆராய்ந்தபோது, அவர்களுக்கு நம்பிக்கை தந்தவற்றில் பயிற்சிக்குப் பெரிய பங்கு இருப்பது தெரிந்தது. பிறவிக் குணத்துக்கும் பங்கு உண்டு, மறுக்கவில்லை. இரட்டையர்களை வைத்து நடந்த ஆய்வுகள், பதற்றக் கோளாறுகளில் மனிதருக்கு மனிதர் காணும் வேறுபாட்டில் ஏறத்தாழ 30 முதல் 40 சதவீதம் மரபு வழியில் வருகிறது என்கின்றன. மிச்சம் அனுபவமும் பழக்கமும்தான். பயந்த சுபாவம் என்ற ஒரு சொல்லால் உங்கள் கதவை நீங்களே சாத்திக்கொள்ள வேண்டியதில்லை.

உடம்பில் என்ன நடக்கிறது என்று தெரிந்திருந்தால், அது நடக்கும்போது பாதி மிரட்சி குறையும். ஆபத்து என்று மூளை கணித்ததும் அட்ரினலின் சுரக்கிறது. இதயம் வேகமாக அடித்துப் பெரிய தசைகளுக்கு ரத்தத்தைத் தள்ளுகிறது. தோலுக்குப் போகும் ரத்தம் குறைவதால் கை சில்லிட்டுப் போகிறது. செரிமானம் நிறுத்தி வைக்கப்படுவதால் வாய் வறள்கிறது, வயிற்றைக் கலக்குகிறது. இது நிமிடக் கணக்கில் ஏறி இறங்கும் அலை. பீதித் தாக்குதல் எனப்படும் பேனிக் அட்டாக்கூடப் பெரும்பாலும் 10 நிமிடங்களுக்குள் உச்சத்தைத் தொட்டுவிடும். கார்ட்டிசால் என்ற ஹார்மோன் கொஞ்சம் பின்தங்கி, 20, 30 நிமிடம் கழித்து உச்சத்துக்கு வரும். எல்லாம் முடிந்த பிறகும் உடம்பு அடித்துப் போட்டாற்போல் இருப்பதைக் கண்டு, ஏதோ கெட்டுவிட்டது என்று நினைக்க வேண்டாம்.

"அமிக்டலாதான் பயத்தின் மையம்" என்று எங்கும் எழுதுகிறார்கள். அது பாதி சரி. மூளையின் நெற்றிப்பொட்டுப் பகுதிக்கு உள்ளே, இரண்டு பக்கமும் பாதாம் பருப்பு வடிவில் இருக்கும் இந்த உறுப்பு, ஆபத்தைக் கண்டுகொண்டு உடம்பை உசுப்பிவிடுவதில் பெரும்பங்கு வகிக்கிறது என்பது உறுதி. ஆனால் நாம் மனதில் உணரும் பயமும் அங்கேதான் பிறக்கிறது என்பது உறுதியில்லை. இந்தத் துறையின் முன்னோடியான மூளை ஆய்வாளர் ஜோசப் லெடூவே இரண்டையும் பிரித்துப் பேச வேண்டும் என்று பின்னாளில் வற்புறுத்தினார். ஆராய்ச்சிக் கட்டுரைகளில் எஸ்.எம். என்ற எழுத்துகளால் குறிக்கப்படும் ஒரு பெண்ணுக்கு இரண்டு அமிக்டலாவும் நோயால் சிதைந்துவிட்டன. பாம்பைக் கண்டாலும் அவருக்குப் பயமில்லை. ஆனால் 2013இல் வெளியான ஆய்வில் 35 சதவீதம் கார்பன் டை ஆக்ஸைடு கலந்த காற்றைச் சுவாசிக்கக் கொடுத்தபோது, அவருக்கே பீதி கண்டது. ஆகவே "அமிக்டலாவை அடக்கும் பயிற்சி" என்று யாராவது விற்றால் நம்பிப் பணம் கட்டாதீர்கள்.

இனி உங்கள் லிஃப்டுக்கு வருவோம். கதவு திறக்கிறது, நெஞ்சு படபடக்கிறது, "படியிலேயே போய்விடுகிறேன்" என்று திரும்புகிறீர்கள். சில நொடிகளில் அப்பாடா என்று ஒரு நிம்மதி. பயம் வளரும் இடம் அந்த நிம்மதிதான். ஒன்றைச் செய்ததும் கஷ்டம் தீர்ந்தால், அதையே மறுபடி செய்ய மூளை பழகிக்கொள்கிறது. மௌரர் என்ற உளவியலாளர் 1947இல் இதை இரண்டு கட்டமாக விளக்கினார்: பயம் ஏதோ ஒரு சம்பவத்தில் ஒட்டிக்கொள்கிறது, தப்பித்தல் அதைக் காலம் காலமாகக் காப்பாற்றுகிறது. எப்படி ஒட்டிக்கொண்டது என்பதைப் பற்றிய அவருடைய விளக்கம் முழுமையானதில்லை. எந்தச் சம்பவமும் நடக்காமல், பிறர் பயப்படுவதைப் பார்த்தும், பிறர் சொல்லிக் கேட்டும் பயம் தொற்றுவதுண்டு. ஆனால் தப்பித்தல் பற்றி அவர் சொன்ன பாதி இன்றும் அசையாமல் நிற்கிறது. உங்கள் பயம் எங்கே தொடங்கியது என்று தோண்டிக் கண்டுபிடித்தே ஆக வேண்டும் என்ற கட்டாயம் இல்லாததும் இதனால்தான். தொடங்கியது எங்கேயாக இருந்தாலும், இன்று அதற்குத் தீனி போடுவது எது என்று பார்த்தால் போதும்.

தப்பித்தல் என்றால் ஓடிப்போவது மட்டுமில்லை. லிஃப்டில் ஏறியும் தப்பிக்கலாம். கதவை ஒட்டியே நிற்பது, ஃபோனைக் கையில் பிடித்துக்கொண்டு சிக்னல் கோட்டையே பார்ப்பது, துணைக்கு ஆள் இருந்தால் மட்டும் ஏறுவது, நாடியைத் தொட்டுத் தொட்டு எண்ணுவது, சட்டைப்பையில் பிரிக்காத மாத்திரை அட்டையை வைத்திருப்பது, கண்ணை மூடிக்கொண்டு நூறு வரை எண்ணுவது. மேடையில் என்றால் ஒரு வார்த்தை விடாமல் மனப்பாடம் செய்வது, தாளிலிருந்து தலையைத் தூக்காமல் படிப்பது. இவற்றை முட்டுகள் என்று வைத்துக்கொள்வோம். முட்டு கொடுத்து ஏறி இறங்கினால் ஒன்றும் ஆகாது. ஆனால் "ஃபோன் கையில் இருந்ததால் தப்பித்தேன்" என்றுதான் மூளை எழுதிக்கொள்ளும். பல வருஷமாக லிஃப்டில் போய்வந்தும் பயம் குறையாதவர்களிடம் சிகிச்சை தரும் நாங்கள் முதலில் தேடுவது இதைத்தான்.

வழி இப்படி. ஒரே ஒரு பயத்தை எடுத்துக்கொள்ளுங்கள். லிஃப்ட், மேடை, ஊசி மூன்றையும் ஒன்றாகத் தொடாதீர்கள். ஒரு நோட்டில், லிஃப்டில் ஏறினால் என்ன நடந்துவிடும் என்று பயப்படுகிறீர்களோ அதைச் சோதித்துப் பார்க்க முடிகிற வாக்கியமாக எழுதுங்கள். "ஏதோ ஆகிவிடும்" என்றால் சோதிக்க முடியாது. "மூன்றாவது மாடிக்குள் மூச்சு முட்டி மயங்கி விழுந்துவிடுவேன்" என்றால் சோதிக்கலாம். அதை எத்தனை சதவீதம் நம்புகிறீர்கள் என்று பக்கத்தில் குறியுங்கள். பிறகு எட்டு, பத்துப் படிகளாகச் சூழ்நிலைகளை அடுக்கி, ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 100 வரை பயத்துக்கு மதிப்பெண் போடுங்கள். லிஃப்ட் கதவு திறந்து மூடுவதை வெளியே நின்று 10 நிமிடம் பார்ப்பது 25 ஆக இருக்கலாம். உள்ளே போய், கதவைத் திறந்து பிடித்தபடி நிற்பது 40. துணையோடு ஒரு மாடி 50. துணை மாடியில் காத்திருக்கத் தனியே ஒரு மாடி 65. தனியே ஐந்து மாடி, ஃபோன் பையில், 75. கூட்ட நேரத்தில் நடுவில் நெருக்கியடித்து நின்று மேல்மாடி வரை போவது 95. எண்கள் உங்களுடையதாக இருக்க வேண்டும். நான் போட்டது மாதிரிக்குத்தான்.

30, 40 மதிப்பெண் உள்ள படியில் தொடங்குங்கள். அதற்குக் கீழே போனால் கற்றுக்கொள்ள ஒன்றும் இருக்காது; எடுத்ததும் 95க்குப் போனால் பாதியில் இறங்கி ஓடுவீர்கள், அது இன்னொரு தப்பித்தலாகக் கணக்கில் ஏறும். ஒரு தடவைக்கு அரை மணி முதல் முக்கால் மணி நேரம் ஒதுக்கி, அதே படியைத் திரும்பத் திரும்பச் செய்யுங்கள். ஒரே ஒரு மாடிப் பயணம் ஒரு நிமிடம்கூட ஆகாது. ஒருமுறை ஏறி இறங்கிவிட்டு வீட்டுக்குப் போனால், "நல்ல வேளை, தப்பித்தேன்" என்பதோடு பாடம் முடிந்துவிடும். வாரத்தில் நாலைந்து நாளாவது வேண்டும். பதினைந்து நாளைக்கு ஒருமுறை செய்வது பெரும்பாலும் வீண். ஒவ்வொரு தடவையும் முடிந்தவுடன் மூன்று வரி எழுதுங்கள்: என்ன நடக்கும் என்று நினைத்தேன், என்ன நடந்தது, எதைப் பார்த்து ஆச்சரியப்பட்டேன். இந்த மூன்று வரியைத்தான் பலரும் விட்டுவிடுகிறார்கள். இதை விட்டால் பாதிப் பலன் போய்விடும் என்பது என் கருத்து. இரண்டு, மூன்று படி ஏறிய பிறகு வேறு கட்டடம், வேறு நேரம், கண்ணாடிச் சுவர் வைத்த லிஃப்ட் என்று மாற்றி மாற்றிச் செய்யுங்கள். ஒரே லிஃப்டில் மட்டும் பழகினால், அந்த லிஃப்ட் மட்டும் பாதுகாப்பானது என்ற முடிவுக்கு மூளை வந்துவிடும்.

பயம் பாதியாகக் குறையும் வரை அந்த இடத்தை விட்டு நகரக் கூடாது என்பது பழைய விதி. இன்று அதில் கருத்து மாறியிருக்கிறது. மிஷெல் கிராஸ்க் போன்ற உளவியலாளர்களின் ஆய்வுகள், அன்றைக்குப் பயம் எவ்வளவு இறங்கியது என்பதை வைத்து நீண்ட காலப் பலனைச் சொல்ல முடியவில்லை என்று காட்டுகின்றன. நீங்கள் எதிர்பார்த்த விபரீதம் நடக்கவில்லை என்பது மனதில் பதிந்ததா என்பதே முக்கியம் என்கிறார்கள். நடைமுறையில் இது பெரிய ஆறுதல். முழு நேரமும் கை நடுங்கிக்கொண்டே இருந்தாலும், மயங்கி விழாமல் ஐந்தாவது மாடிக்குப் போய்வந்தீர்கள் என்றால் அது வெற்றிகரமான நாள். "இன்றும் பயந்தேனே" என்று சோர்ந்துபோக வேண்டியதில்லை. லிஃப்ட் பெட்டியில் காற்றுத் துளைகள் உண்டு, ஒரு கம்பிவடம் அறுந்தாலும் மற்றவை தாங்கும் என்பதையெல்லாம் நீங்கள் ஏற்கெனவே படித்திருப்பீர்கள். தகவல் தெரிந்தும் பயம் போகாததற்காக உங்களை முட்டாள் என்று திட்டிக்கொள்ளாதீர்கள். நீச்சலைப் பற்றிப் படிப்பது வேறு, தண்ணீரில் இறங்குவது வேறு.

மூச்சுப் பயிற்சியைப் பற்றி நிறையப் பேர் நிறையச் சொல்வார்கள். இதில் கவனம் வேண்டும். பதற்றத்தில் "ஆழமா மூச்சு இழு" என்று சொன்னால், ஏற்கெனவே வேகமாக மூச்சுவிடுபவர் இன்னும் அதிகமாக இழுப்பார். ரத்தத்தில் கார்பன் டை ஆக்ஸைடு குறைந்து தலை சுற்றும், விரல் நுனியும் உதட்டோரமும் மரத்துப்போகும். மூச்சு போதவில்லை என்று அவர் நினைப்பார். உண்மையில் மிஞ்சிப் போயிருக்கும். காகிதப் பைக்குள் மூச்சுவிடும் பழைய வழியும் வேண்டாம். உண்மையிலேயே ஆஸ்துமாவோ இதயக் கோளாறோ இருந்தால் ஆபத்து. மூக்கால் மெதுவாக 4 நொடி இழுத்து, 6 நொடி விடுங்கள். வெளிவிடும் மூச்சு நீளமாக இருக்கட்டும். இதை அமைதியாக இருக்கும்போது தினம் 5 நிமிடம் பழகினால், பொதுவான படபடப்புக்கு உதவும். ஆனால் லிஃப்டுக்குள் பயத்தை விரட்டுவதற்காகச் செய்தால் இதுவும் ஒரு முட்டு ஆகிவிடும்.

சிலருக்கு லிஃப்டோ கூட்டமோ பெரிதல்ல. தன் உடம்பில் எழும் படபடப்பைக் கண்டுதான் அவர்களுக்குப் பயம். நெஞ்சு அடித்தால் மாரடைப்பு, தலை சுற்றினால் பைத்தியம் பிடிக்கப்போகிறது என்று மனம் மொழிபெயர்க்கிறது. அந்த மொழிபெயர்ப்பே அடுத்த படபடப்பைக் கிளப்புகிறது. உளவியலாளர் டேவிட் கிளார்க் 1986இல் முன்வைத்த இந்த விளக்கம் பேனிக் சிகிச்சையின் அடித்தளம். இவர்கள் அந்த உணர்வுகளையே வேண்டுமென்று வரவழைத்துப் பழகுகிறார்கள்: நின்ற இடத்திலேயே 1 நிமிடம் ஓடுவது, சுழல்நாற்காலியில் 1 நிமிடம் சுற்றுவது, மெல்லிய உறிஞ்சுகுழல் வழியாக மட்டும் 1 அல்லது 2 நிமிடம் மூச்சுவிடுவது. இதய நோய், ஆஸ்துமா, வலிப்பு உள்ளவர்களும் கர்ப்பிணிகளும் மருத்துவரைக் கேட்காமல் இதைச் செய்யக் கூடாது.

ஊசி விஷயத்தில் உங்கள் கதை வேறு. இதைத் தனியாகச் சொல்லியாக வேண்டும். பயத்தில் பொதுவாக ரத்த அழுத்தம் ஏறும், அதனால் மயக்கம் வருவது அரிது. ரத்தம், ஊசி, காயம் ஆகியவற்றின் மீதான பயத்தில் மட்டும் முதலில் ஏறிய நாடித்துடிப்பும் அழுத்தமும் திடீரென்று விழுந்துவிடுகின்றன. மூளைக்கு ரத்தம் குறைந்து மயக்கம் வருகிறது. இங்கே "உடம்பைத் தளர்த்திக்கொள்" என்ற அறிவுரை நேர்மாறாக வேலை செய்யும். லார்ஸ் யோரன் ஓஸ்ட் என்ற ஸ்வீடன் உளவியலாளர் 1980களில் உருவாக்கிய முறை தசைகளை இறுக்குவது. உட்கார்ந்துகொண்டு, கை, மார்பு, கால் தசைகளை 10 முதல் 15 நொடி வரை, முகத்தில் சூடு ஏறுவது தெரியும் அளவுக்கு இறுக்குங்கள். பிறகு 20 முதல் 30 நொடி இயல்பு நிலைக்கு விடுங்கள்; தொய்ந்துபோகும் அளவுக்குத் தளர்த்த வேண்டாம். இப்படி ஐந்து முறை செய்தால் ஒரு சுற்று. தினம் ஐந்து சுற்றாக ஒரு வாரம் பழகிவிட்டு, பிறகு ஊசிப் படங்கள், சிரிஞ்ச், கடைசியில் பரிசோதனைக் கூடம் என்று படியேறுங்கள். கொட்டாவி, குளிர் வியர்வை, குமட்டல், கண் மங்குவது ஆகியவை அழுத்தம் விழுவதன் முன்னறிவிப்பு. அந்தக் கணமே இறுக்கத் தொடங்க வேண்டும். ஊசி போடும் கையை மட்டும் தளர்வாக வைத்திருங்கள். ஏற்கெனவே மயங்கியிருப்பதால் நர்ஸிடம் முன்கூட்டியே சொல்லிப் படுத்தபடி ரத்தம் கொடுங்கள். இந்த ஒன்றை முட்டு என்று யாரும் சொல்ல மாட்டார்கள். உயர் ரத்த அழுத்தம் இருந்தால் தசை இறுக்கும் பயிற்சிக்கு முன்னால் மருத்துவரைக் கேளுங்கள்.

மேடைப் பேச்சுக்கும் அதே படிகள்தான். கூடுதலாக ஒன்று: பேசும்போது கவனம் முழுக்க உங்கள் மீதே இருக்கும், உள்ளே உணரும் நடுக்கம் அப்படியே வெளியே தெரிகிறது என்று நம்புவீர்கள். பேசுவதை வீடியோ எடுத்து, பார்ப்பதற்கு முன்னால் "எவ்வளவு நடுங்கியிருப்பேன்" என்று மதிப்பெண் போட்டுவிட்டு, பிறகு வேறு யாரையோ பார்ப்பதுபோல் பாருங்கள். பெரும்பாலானவர்களுக்கு இரண்டு எண்ணும் ஒத்துப்போவதில்லை.

மாத்திரைகளைப் பற்றி உறுதியாகச் சொல்லக்கூடியது இவ்வளவு. பென்சோடயஸெபின் வகை மாத்திரைகள் உடனே அமைதி தரும். தொடர்ந்து எடுத்தால் பழக்கமாகிவிடும், போட்டுக்கொண்டு பயிற்சி செய்தால் கற்றுக்கொள்வதைத் தடுக்கவும் கூடும். புரோப்ரனலால் என்ற மருந்து கை நடுக்கத்தையும் படபடப்பையும் குறைக்கும். ஆஸ்துமா உள்ளவர்களுக்கு ஆகாது. எஸ்எஸ்ஆர்ஐ எனப்படும் மனச்சோர்வு எதிர்ப்பு மருந்துகள் பலன் காட்டச் சில வாரங்கள் ஆகும். பேனிக்குக்கும் சமூகப் பயத்துக்கும் அவற்றின் பயன் நன்கு நிறுவப்பட்டது. எதையும் மருத்துவர் எழுதிக் கொடுக்காமல் தொடாதீர்கள், எழுதிக் கொடுத்ததைத் திடீரென்று நிறுத்தவும் செய்யாதீர்கள். பயத்தின் நினைவையே அழித்துவிடலாம் என்று வரும் செய்திகளை மட்டும் பொறுமையோடு படியுங்கள். 2000இல் எலிகளில் கண்ட முடிவுகள் நம்பிக்கை தந்தன. மனிதர்களில் ஆய்வுக்கு ஆய்வு முடிவு மாறுகிறது.

நினைவு அழிவதில்லை என்பதாலேயே, ஒருமுறை குறைந்துவிட்ட பயமும் திரும்பி வரலாம். பழைய பாடம் அப்படியே இருக்க, அதன் மேல் புதிய பாடம் ஒன்று படிகிறது, அவ்வளவுதான். காய்ச்சலில் படுத்து எழுந்த பிறகு, தூக்கம் கெட்ட வாரத்தில், புதிய ஊரின் புதிய கட்டடத்தில், ஆறு மாதம் லிஃப்டே தேவைப்படாமல் இருந்துவிட்டு மறுபடி ஏறும்போது, பழைய படபடப்பு தலைகாட்டலாம். பட்ட பாடெல்லாம் வீண் என்று அன்று தோன்றும். வீண் இல்லை. இரண்டு படி கீழே இறங்கி மறுபடி தொடங்குங்கள். பொதுவாக முதல் முறையைவிடச் சீக்கிரமே மேலே வந்துவிடுவீர்கள்.

கடைசியாக, இந்தப் பதிலின் எல்லை. மேலே சொன்னதெல்லாம், உண்மையான ஆபத்தை மீறிப் பெரிதாகிவிட்ட பயத்துக்கு. அடிக்கும் மனிதரோடு ஒரே வீட்டில் இருப்பவரின் பயம் சரியான பயம். அதைப் பழகிக்கொள்ளச் சொல்வது குற்றம், அங்கே பாதுகாப்பான இடத்துக்குப் போவதுதான் வழி. வன்முறை, விபத்து போன்றவற்றுக்குப் பின் கெட்ட கனவும் நினைவுகளும் துரத்தினால், இந்தப் படிகளைத் தனியாக ஏற முயலாதீர்கள். முன்பு இல்லாத படபடப்பு புதிதாகத் தொடங்கியிருந்தால், மனதைக் குற்றம் சொல்வதற்கு முன்னால் தைராய்டு, ரத்தசோகை, இதயத் துடிப்பு ஆகியவற்றைப் பார்த்துவிடுங்கள். ஒரு நாளைக்கு எத்தனை கப் காபி என்றும் எண்ணிப் பாருங்கள். பயத்தால் வேலையோ படிப்போ உறவோ ஆறு மாதமாகக் கெட்டுக்கொண்டிருந்தால் மனநல மருத்துவரையோ உளவியலாளரையோ பாருங்கள். உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணம் வந்தால் அன்றைக்கே. தேர்ந்தெடுக்கும்போது ஒரு கேள்வி கேளுங்கள்: "பயப்படும் சூழ்நிலையை நேரில் சந்திக்கும் எக்ஸ்போஷர் பயிற்சியை என்னோடு செய்வீர்களா, தேவைப்பட்டால் லிஃப்ட் வரைக்கும் கூட வருவீர்களா?" ஓஸ்ட் வகுத்த முறையில், இப்படி ஒரு குறிப்பிட்ட பயத்துக்கு மூன்று மணி நேரம் வரை நீளும் ஒரே அமர்விலேயே பலருக்கு நல்ல பலன் கிடைத்திருக்கிறது. பேசிக்கொண்டே இருப்போம், மெல்லச் சரியாகும் என்று மட்டும் பதில் வந்தால், இன்னொருவரையும் விசாரித்துப் பாருங்கள்.